ஒரு ‘மேற்படி’யும் சில ருஷ்யக் கதைகளும்

போன மாதம் லைஃப் சர்ட்டிபிகேட் கொடுக்கப் போயிருந்தேன். பென்ஷன் வாங்கும் நண்பர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நாம் இன்னும் சாகவில்லை என்று ஆண்டுக்கு ஒரு தடவை சர்க்காருக்கு நிரூபித்தாகவேண்டும். முன்பு நேரில் போய் உட்கார்ந்து, அதிகாரி முகத்தைப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இப்போது ஒரு சின்ன இயந்திரத்தில் கட்டை விரலை வைக்கவேண்டும். வைத்தேன், ஏற்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அப்போதும் இல்லை. “தாத்தா, ரேகை தேஞ்சு போச்சு. வேற விரல் வைங்க” என்றது அங்கிருந்த பெண். முப்பத்தாறு வருடம் காகிதம் புரட்டிய விரல், தேயாமல் என்ன செய்யும்!

எனக்குப் பின்னால் நொச்சிக்குப்பத்து அம்மா ஒருவர் வேறு ஏதோ சான்றுக்காக நின்றிருந்தார். அவருக்கும் ரேகை இல்லை. மீன் ஆய்ந்து ஆய்ந்து, ஐஸிலும் உப்பிலும் ஊறிய கை. “இன்னா சார், நம்ம ரெண்டு பேருமே பூட்டோமா?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாய்ச் சிக்கிக்கொண்டது. அதே குப்பத்தைச் சேர்ந்த இன்னொரு அம்மா, நாற்பது வருடத்துக்கு முன், ஏறத்தாழ இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்குமுன் கொஞ்சம் ருஷ்யா போய்விட்டு வரவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. படித்தது பிரெஞ்சில். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தாலும், 1962 ஆகஸ்டில்தான் சட்டப்படி எல்லாம் முடிந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கொடி மாறியது, போலீஸ்காரர் தொப்பி மாறியது, எங்கள் பள்ளிக்கூடத்து பிரெஞ்சு மட்டும் மாறவில்லை.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா ஒரு ‘சொல்தா’. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் இருந்துவிட்டுத் திரும்பியவர். பிரான்சிலிருந்து அவருக்கு பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அது நிற்காமல் வர ‘செர்த்திஃபிக்கா த வீ’ கொடுக்கவேண்டும், அதாவது வாழ்வுச் சான்று. அந்த நாளில் தாத்தா வெள்ளைக் கால்சட்டை போட்டு, மெடல்களைத் துணியால் துடைத்து மார்பில் குத்திக்கொண்டு கிளம்புவார். பாட்டி வாசலில் நின்று, “போய் உசுரோட இருக்கேன்னு சொல்லிட்டு வாங்க” என்று வழியனுப்புவாள். வீட்டில் பெரிய சிரிப்பாக இருக்கும். வாழ்வுச் சான்றை நான் முதலில் பார்த்தது ஒரு திருநாளாகத்தான்.

எங்களுக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த வாத்தியார் ருஷ்யக் கதைகளில் பித்துப்பிடித்தவர். ருஷ்ய இலக்கியத்தை ஐரோப்பாவில் பரப்பியதில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கோகலின் ‘அரசு ஆய்வாளர்’ நாடகத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர் பிராஸ்பேர் மெரிமே. அந்த வழியில்தான் கோகல் எங்கள் வகுப்புக்குள் வந்தார். ஒருநாள் வாத்தியார் பலகையில் ‘லெஸாம் மோர்த்’ என்று எழுதினார். ‘செத்த ஆன்மாக்கள்’ என்று பொருள். நாங்கள் பேய்க்கதை என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தோம். பேய் வரவில்லை, கணக்கு வந்தது.

1842இல் வெளியான அந்த நாவலின் கதை இதுதான். அந்நாள் ருஷ்யாவில் ஜமீன்தார்களிடம் பண்ணையடிமைகள் இருந்தார்கள். அவர்களைத் தலை என்று எண்ணாமல் ‘ஆன்மா’ என்று எண்ணுவார்கள். இத்தனை ஆன்மாவுக்கு இவ்வளவு என்று ஜமீன்தார் வரி கட்டவேண்டும். குடிக்கணக்கு எடுப்பதோ பல வருடத்துக்கு ஒருமுறை. இடையில் ஓர் அடிமை செத்துப்போனால், அடுத்த கணக்கு வரும்வரை காகிதத்தில் அவன் உயிரோடுதான் இருப்பான், வரியும் கட்டியாகவேண்டும். சிச்சிகவ் என்று ஒரு முன்னாள் உத்தியோகஸ்தன் ஊர் ஊராகப் போய், “உங்களிடம் செத்தவர்கள் இருக்கிறார்களா? எனக்கு விற்றுவிடுங்கள்” என்று கேட்கிறான். வரித்தொல்லை ஒழிந்தது என்று சிலர் கொடுக்கிறார்கள். சிலர் பேரம் பேசுகிறார்கள். ஒருவன், செத்துப்போன தச்சனும் செருப்புத் தைப்பவனும் எப்பேர்ப்பட்ட வேலைக்காரர்கள் தெரியுமா என்று புகழ்ந்து விலையை ஏற்றுகிறான். வாங்கிய பிணங்களை உயிருள்ள அடிமைகளாகக் காட்டி அடமானம் வைத்துக் கடன் வாங்குவது சிச்சிகவின் திட்டம்.

மாஸ்கோவின் தணிக்கைக் குழுவிடம் இந்த நூல் போனபோது நடந்ததைக் கோகலே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தலைப்பைக் கேட்டதுமே தலைவர், ஆன்மா அழிவற்றது, அது எப்படிச் சாகும் என்று கொதித்தாராம். செத்தது அடிமைகள் என்று விளக்கியதும், அப்படியானால் இன்னும் மோசம், இது அடிமைமுறைக்கு எதிரான நூல் என்றாராம். கடைசியில் பீட்டர்ஸ்பர்க்கில், ‘சிச்சிகவின் சாகசங்கள்’ என்று முன்னால் ஒரு தலைப்பை ஒட்டவைத்த பிறகே அனுமதி கிடைத்தது. கதையைவிடக் கதை அச்சான கதை வேடிக்கை!

இந்த மாதிரி எழுத்தை இப்போது அபத்த இலக்கியம் என்கிறார்கள், கறுப்பு நகைச்சுவை என்கிறார்கள். அந்தப் பெயர்களெல்லாம் பிறகு வந்தவை. நான் கவனித்தது வேறு. இந்த ருஷ்யக் கதைகளில் பாதிக்குமேல் குமாஸ்தா கதைகள். அதற்குக் காரணம் உண்டு. பீட்டர் மன்னர் 1722இல் அரசு உத்தியோகங்களைப் பதினான்கு படிகளாகப் பிரித்து ஒரு பட்டியல் போட்டார். ஒரு மனிதனை எப்படி அழைப்பது, அவன் யாருக்கு முன்னால் எழுந்து நிற்பது என்பது வரை அதன்படிதான். 1917 வரை அந்தப் பட்டியல் இருந்தது. கோகல் 1828 கடைசியில் தலைநகரத்துக்கு வந்து சில காலம் இலாகாக்களில் எழுத்து வேலை பார்த்தவர். படிக்கட்டின் அடிப்படியிலிருந்து மேலே பார்த்தவர்.

அவருடைய ‘மூக்கு’ கதை 1836இல் வந்தது. எட்டாம் படி அதிகாரி ஒருவன் காலையில் எழுந்து கண்ணாடி பார்த்தால் மூக்கைக் காணோம். தேடிப்போகிறான். மூக்கு ஐந்தாம் படி அதிகாரியின் உடுப்பில் வண்டியிலிருந்து இறங்குகிறது. தன் சொந்த மூக்கிடம் போய்ப் பேச அவனுக்கு நடுக்கம், ஏனென்றால் மூக்கு அவனைவிட மூன்று படி உசத்தி. மேலதிகாரியின் அறைவாசலில் கால் மாற்றி நின்றவர்கள் யாரும் இதை வெறும் கற்பனை என்று சொல்லமாட்டார்கள்.

செகாவின் ‘ஒரு குமாஸ்தாவின் மரணம்’ 1883இல் எழுதப்பட்டது. நாடகக் கொட்டகையில் ஒரு குமாஸ்தா தும்முகிறான். முன்வரிசையில் இருந்த பெரிய அதிகாரியின் வழுக்கைத் தலையில் சாரல் பட்டுவிடுகிறது. மன்னிப்புக் கேட்கிறான். பரவாயில்லை என்கிறார். இடைவேளையில் மறுபடி கேட்கிறான். மறுநாள் அலுவலகத்துக்கே போய்க் கேட்கிறான். அவர் பொறுமை இழந்து “வெளியே போ” என்று கத்த, வீட்டுக்கு வந்து உடுப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் படுத்துச் செத்துப்போகிறான். வகுப்பில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வாத்தியார் சிரிக்கவில்லை. “நீங்கள் உத்தியோகம் பார்த்த பிறகு இதை மறுபடி படியுங்கள்” என்று மட்டும் சொன்னார்.

உத்தியோகம் 1972இல் வந்தது. அப்பா தவறிய பிறகு சாந்தோமில் இருந்த மாமா வீட்டுக்கு வந்தோம். மாமா கையைப் பிடித்துத் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொடுத்தார், பரீட்சை எழுதவைத்தார். தமிழ்நாடு சர்க்காரில் இளநிலை உதவியாளன் ஆனேன். கீழே நின்றால் கடல் இரையும் வீடு. நாலு எட்டு வைத்தால் நொச்சிக்குப்பம். குடிசைகள் இருந்த இடத்தில் குடிசை மாற்று வாரியக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த காலம்.

சாந்தோம் நெடுஞ்சாலையில் ருஷ்யத் துணைத் தூதரகம் இருப்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் தலைமுறைக்கு ருஷ்யா என்றால் அந்தக் கட்டடம் இல்லை, புத்தகம். மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வந்த கெட்டி அட்டைத் தமிழ்ப் புத்தகங்கள். இட்லிக் காசில் டால்ஸ்டாய் கிடைத்தார். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் மாஸ்கோவிலேயே உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். கிருஷ்ணையாவின் ‘புத்துயிர்ப்பு’ இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. நான் தமிழை ஒழுங்காகப் படிக்கப் பழகியதே அந்தப் புத்தகங்களில்தான் என்றால் மிகையில்லை.

ஆனால் வராத புத்தகங்கள் சில இருந்தன. தேடினால் அவையெல்லாம் சிரிக்கும் புத்தகங்கள். புல்ககவ் என்பவர் 1940இல் இறந்தார். அவருடைய ‘மாஸ்டரும் மார்கரீத்தாவும்’ அவர் செத்து இருபத்தாறு வருடம் கழித்து, 1966இல்தான், வெட்டுகளோடு ஒரு பத்திரிகையில் வரத்தொடங்கியது. அதில் ஓர் இடம்: ஒரு அலுவலகத் தலைவர் காணாமல் போய்விடுகிறார். அவருடைய கோட்டு மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து கோப்புகளில் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறது. தலைவர் திரும்பி வந்து பார்த்துவிட்டு, கோட்டு போட்ட உத்தரவுகள் எல்லாம் சரிதான் என்று ஒப்புக்கொள்கிறார். நம்மில் எத்தனை பேர் அந்தக் கோட்டின்கீழ் வேலை பார்த்திருக்கிறோம்!

அவரைவிடக் கடுமையானவர் தனியேல் ஹார்ம்ஸ். 1905இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். 1928இல் நண்பர்களோடு சேர்ந்து ‘ஒபெரியு’ என்று ஒரு குழு அமைத்தார். பிழைப்புக்குக் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினார். பெரியவர்களுக்காக எழுதியதில் இரண்டே கவிதைகள்தான் அவர் வாழ்நாளில் அச்சாயின. அவருடைய ஒரு குறுங்கதையில் ஒரு மனிதன் வருகிறான். அவனுக்குக் கண் இல்லை, காது இல்லை, முடி இல்லை என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போய், கடைசியில் பேசுவதற்கு ஆளே இல்லாமல் கதை முடிந்துவிடுகிறது. அரைப்பக்கம்கூட இல்லை. அந்தக் காலத்தில் லெனின்கிராடில் மனிதர்கள் இரவோடிரவாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் முதுகு சில்லிடும். 1941 ஆகஸ்டில் ஹார்ம்ஸும் பிடிபட்டார். நகரம் முற்றுகையில் பட்டினி கிடந்த 1942 பிப்ரவரியில் சிறையின் மனநோய் மருத்துவமனையில் இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளை நண்பர் த்ருஸ்கின் ஒரு பெட்டியில் போட்டு, தானே பட்டினியில் நடக்கமுடியாத நிலையில், எடுத்துக்கொண்டு போய்க் காப்பாற்றினார். 1960இல் சகோதரியின் மனுவின்பேரில் ஹார்ம்ஸ் குற்றமற்றவர் என்று ஆணை பிறந்தது. ஆள் செத்துப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அவரே எழுதியிருக்கக்கூடிய கதை.

ஆக, மாஸ்கோ நமக்கு வீரர்களை அனுப்பியது. சிரித்தவர்களைப் பெட்டியில் வைத்திருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு நமக்குப் புதிதா என்றால் இல்லை. அதே சிரிப்பை இந்தப் பட்டணத்தில் இருந்துகொண்டு சிரித்த ஒருவர் நமக்கு இருந்தார்.

புதுமைப்பித்தன் தாசில்தார் வீட்டுப் பிள்ளை. ருஷ்யக் கதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும்கூட. 1943இல் வந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ படிக்காதவர்கள் இந்தப் பக்கத்தின் வாசகர்களில் இருக்கமாட்டார்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் மூலையில், பஸ்ஸா, டிராமா, நடையா, மிச்சம் பிடித்தால் ஒரு கப் காப்பியா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மனிதரிடம் கடவுள் வந்து சேர்கிறார். வந்தவரைப் பிள்ளை வணங்கவில்லை. தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார். மூக்கு வண்டியில் போவதைப் போலவேதான் இதுவும். நடக்கமுடியாதது நடக்கிறது, யாரும் ஆச்சரியப்படுவதில்லை, செலவுக்கணக்கு மட்டும் சரியாக நடக்கிறது. அவருடைய ‘மகாமசானம்’ இன்னும் கறுப்பு. மவுண்ட் ரோடு நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருக்கிறார். பட்டணம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 1948இல் நாற்பத்திரண்டு வயதில் க்ஷயரோகத்தில் போய்ச் சேர்ந்தார் புதுமைப்பித்தன். அவர் கதைகளில் வரும் சிரிப்பு அடிபட்டவனின் சிரிப்பு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது. புரியவைத்தது புத்தகமில்லை.

இனி என் கதை. எண்பதுகளின் தொடக்கம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் முதியோர் ஓய்வூதியப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதாமாதம் மணியார்டரில் போகும் சொற்பத் தொகை. ஆண்டுக்கொரு தடவை பட்டியலில் உள்ளவர்கள் இருக்கிறார்களா, போய்விட்டார்களா என்று களத்தில் விசாரித்து அறிக்கை வரும். அதைப் பார்த்துச் சுத்தப் பிரதி எடுக்கவேண்டியது என் வேலை. கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘குறிப்பு’. அதில் ‘உயிருடன் உள்ளார்’ அல்லது ‘இறந்துவிட்டார்’ என்று எழுதவேண்டும். எல்லாரும் உயிருடன் இருந்தால் முதல் வரியில் எழுதிவிட்டு, கீழே ‘மேற்படி’, ‘மேற்படி’ என்று போட்டுக்கொண்டே போகலாம். குமாஸ்தாக்களைக் காப்பாற்ற வந்த சொல் அது.

அன்று மாலை மணி ஆறைத் தொட்டுக்கொண்டிருந்தது. மின்விசிறி நின்றுபோயிருந்தது. ஒரு வரியில் ‘இறந்துவிட்டார்’ என்று எழுதினேன். அடுத்த வரிக்கு ‘உயிருடன் உள்ளார்’ என்று புதிதாக எழுதியிருக்கவேண்டும். கை தன் பழக்கத்தில் ‘மேற்படி’ போட்டது. ஒரே ஒரு மேற்படி. பட்டியல் மேலே போனது, கையெழுத்தானது, ரத்து ஆணை பிறந்தது, மணியார்டர் நின்றது.

மூன்று மாதம் கழித்து அவர் வந்தார். நொச்சிக்குப்பத்துக்காரர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு காலத்தில் கூடையில் மீன் சுமந்து மயிலாப்பூர்த் தெருக்களில் விற்றவர். ‘ஆயா’ என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். பணம் வரவில்லை என்றார். கோப்பை எடுத்துப் பார்த்த என் பக்கத்து மேசைக்காரர் உரக்கச் சொன்னார்: “ஆயா, நீ செத்துப்போயிட்ட.”

ஆயா ஒரு நிமிஷம் எங்கள் எல்லாரையும் பார்த்தார். பிறகு நிதானமாக, “எப்போ சார்? எனுக்கு யாருமே சொல்லலியே. சொல்லியிருந்தா ரெண்டு நாள் பட்னியாச்சும் மிச்சமாயிருக்குமே” என்றார்.

செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. “தேதி போட்டிருக்கு ஆயா, காரியம் எல்லாம் ஆச்சா?” என்றார் ஒருவர். “அப்போ சாவுச் செலவுக் காசாச்சும் குடுங்க, வந்ததுக்கு அத்த வாங்கிகினு போறேன்” என்றார் ஆயா. மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பட்டியலை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து, என் ‘மேற்படி’. சிரிப்பு நின்றுபோனது.

உடனே எழுந்து, “தப்பு என்னுடையது” என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. தங்கச்சி கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்தது, மெமோ வந்தால் என்ன ஆகும் என்ற பயம். செகாவின் தும்மல்காரன் எனக்குள்ளே உட்கார்ந்திருந்தான். மேலே கேட்டபோது, ரத்து ஆணை பிறப்பித்தாகிவிட்டது, அதை மாற்ற அந்த அம்மாள் உயிருடன் இருப்பதாகத் தனி அறிக்கை வேண்டும் என்றார்கள். எதிரே நிற்பவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கு அறிக்கை! குறிப்புக் கோப்பில் நான் எழுதிய வாசகம் இன்னும் நினைவிருக்கிறது: ‘தவறுதலாக இறந்தவர் எனப் பதிவாகியுள்ளது எனத் தெரியவருகிறது.’ பதிவாகியுள்ளதாம். யார் பதிந்தது? தெரியவருகிறதாம். யாருக்கு? நம் அலுவலகத் தமிழில் எழுவாயே இல்லாமல் ஒரு கொலையை எழுதிவிடலாம்.

ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் ஆயா கட்டுமரக் கரையில் உதிரி மீன் பொறுக்கி விற்றுப் பிழைத்தார் என்று பிறகு தெரிந்தது. நடுவே நாலைந்து தடவை அலுவலகத்துக்கும் நடந்து வந்தார். ஒவ்வொரு தடவையும், “செத்தவ வந்துக்கீறேன்” என்று சொல்லிக்கொண்டே நுழைவார். கடைசியில் ஆணை வந்தது. நின்றுபோன மாதங்களுக்கான பணத்துக்குத் தனிக் கோப்பு திறந்தார்கள். எனக்கு மாற்றல் வரும்வரை அது முடியவில்லை.

அந்த நாட்களில்தான் யூரி தின்யானவ் 1928இல் எழுதிய ‘லெஃப்டினன்ட் கீஷே’ என் கைக்குப் பிரெஞ்சில் கிடைத்தது. பழைய புத்தகக் கடையில் அட்டையில்லாமல் கிடந்தது. பாவெல் மன்னர் காலத்தில் நடக்கும் கதை. உத்தரவு பிரதி எடுக்கும் எழுத்தன் அவசரத்தில் இரண்டு தவறு செய்கிறான். ஒரு சொல்லின் வால் பிரிந்துபோய், இல்லாத ஒரு அதிகாரி பிறந்துவிடுகிறான், பெயர் கீஷே. உயிரோடிருக்கும் இன்னொரு அதிகாரியைச் செத்தவர் வரிசையில் சேர்த்துவிடுகிறான். மன்னர் கையெழுத்துப் போட்டாயிற்று, அப்புறம் திருத்த யாருக்குத் தைரியம்? இல்லாத கீஷேவுக்குச் சவுக்கடி, சைபீரியா, மன்னிப்பு, கல்யாணம், பிள்ளை, ஜெனரல் பதவி, கடைசியில் அரசு மரியாதையோடு சவ ஊர்வலம். உயிரோடிருக்கும் மனிதனோ, தான் செத்துவிட்டதாக எழுதியிருப்பதைக் கேட்டு அதை நம்பத்தொடங்கி, ஊர் ஊராக அலைந்து மறைந்துபோகிறான். படித்துவிட்டு அன்று இரவு நான் தூங்கவில்லை. எல்லாரும் கீஷேயை நினைத்துச் சிரிப்பார்கள். எனக்கு அந்த எழுத்தன்தான் கண்ணில் நின்றான். கதையில் யாரும் அவனைத் தேடி வருவதில்லை.

இதெல்லாம் ருஷ்யாவில்தான் என்று நினைப்பவர்களுக்காக நம் நாட்டு வழக்கு ஒன்று. உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தில் லால் பிஹாரி என்பவர். கடன் கேட்டுப் போனபோதுதான், வருவாய்ப் பதிவேட்டில் தான் இறந்துவிட்டதாக எழுதியிருப்பது அவருக்குத் தெரிந்தது. நிலத்துக்காக உறவினர் லஞ்சம் கொடுத்துச் செய்த வேலை. 1975 முதல் 1994 வரை, பத்தொன்பது வருடம், அவர் சர்க்கார் கணக்கில் பிணம். அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. பெயருக்குப் பின்னால் ‘மிருதக்’ என்று சேர்த்துக்கொண்டார், அதாவது காலமானவர். தனக்குத்தானே சவ ஊர்வலம் நடத்தினார். மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டு மனுப்போட்டார். 1989இல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார், வேட்பாளர் என்றாவது பதிவாகட்டுமே என்று. தம்மைப் போன்றவர்களைச் சேர்த்து ‘மிருதக் சங்கம்’ அமைத்தார். 2003இல் அவருக்கு ‘இக் நோபல்’ என்ற கேலி நோபல் பரிசு கிடைத்தது. 2021இல் ‘காகஜ்’ என்று இந்தியில் படமாகவும் வந்தது. கோகலைப் படித்துவிட்டு அவர் இதைச் செய்யவில்லை. செத்தவன் என்று சொன்னவர்களிடம், சரி, அப்படியானால் செத்தவனுக்குரியதைக் கொடு என்று கேட்டார். எங்கள் ஆயா கேட்டதும் அதுதானே?

இந்த வயதில் நான் வந்து சேர்ந்த முடிவு சின்னதுதான். ஒரே வேடிக்கையை இரண்டு பேர் சொல்லலாம். கோப்பில் அடிபட்டவர் சொன்னால் அது கறுப்பு நகைச்சுவை. கோப்பில் அடித்தவன் சொன்னால் அது வெறும் கொடுமை. அன்று ஆயா சொன்னதற்கும், எங்கள் செக்‌ஷன் சிரித்ததற்கும் அவ்வளவு தூரம் இருந்தது. சிரிப்பு ஒரே சத்தமாகக் கேட்டதால் எங்களுக்குத் தெரியவில்லை. கோகலின் ‘மேல்கோட்டு’ கதையில், அலுவலகத்தில் எல்லாரும் ஓர் அப்பாவி எழுத்தனின் தலையில் காகிதத்தைக் கிழித்துப் போட்டுப் பனி பெய்கிறது என்று கேலி செய்வார்கள். அவர்களில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞன் மட்டும் திடீரென்று நிறுத்திவிடுவான். அந்த எழுத்தனின் முனகலில் உடன்பிறந்தவனின் குரல் அவனுக்குக் கேட்டுவிடும். பிறகு ஆயுசு முழுக்க, சந்தோஷமான நேரங்களில்கூட, அந்த முகம் அவன் முன்னால் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது இந்தப் பத்தியை நான் தாண்டிப் போயிருந்தேன்.

ஆயா அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தார். வேடிக்கை என்ன தெரியுமா? கோப்பைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைந்தது நான் என்பதால், தன்னைப் பிழைக்கவைத்ததே நான்தான் என்று அவர் நம்பினார். காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போனால், “இந்த சார்தான் என்னிய பொயைக்க வச்சது, எமன் கையிலேர்ந்து கையெயுத்து வாங்கிகினு வந்தாரு” என்று நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்வார். ஒரு கை நெத்திலியைப் பழைய பேப்பரில் சுருட்டி, காசு வேண்டாம் என்று என் பையில் போடுவார். நான் வாங்கிக்கொண்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ‘ஆயா, உன்னைக் கொன்றதே நான்தான்’ என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாய் வரை வரும். சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார் என்றே இப்போது தோன்றுகிறது. அந்தச் சிரிப்பைத் தாங்கும் தெம்பு எனக்கில்லை. சுனாமிக்கு வெகு முன்பே அவர் போய்விட்டார். இந்தத் தடவை யாரும் ‘மேற்படி’ போடவில்லை, நிஜமாகவே.

இப்போது லூப் ரோட்டில் புது மீன் அங்காடி வந்துவிட்டது. அவர் உட்கார்ந்த இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. என்னைப் போலப் பட்டியல் எழுதி ஓய்வுபெற்ற நண்பர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். ஒரு மாலை உட்கார்ந்து உங்கள் ‘மேற்படி’களை நினைத்துப் பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி.

கடைசியாக ஒரு தகவல். கட்டை விரல் இரண்டையும் மறுத்த இயந்திரம், இடது கை நடுவிரலை ஏற்றுக்கொண்டது. ஆகவே அடுத்த ஆண்டு வரை நான் உயிருடன் உள்ளேன் எனத் தெரியவருகிறது.